முழுவனும் அழிச்சோ

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதல் மாதத்தில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாஸ்வேர்டை எழுதி ஒட்டிவைக்காதே, தவறாமல் பேக்கப் எடு, மேலே இருப்பவர் சொன்னதைச் செய். முதல் இரண்டையும் கேட்டு நடங்கள். மூன்றாவதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஓய்வு பெற்றுவிட்ட தைரியத்தில் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். சம்பளம் வாங்கிய காலத்திலும் இப்படித்தான் பேசினேன். அதற்காகக் கிடைத்த மெமோக்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

நான் வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் பிரிவு என்று போர்டு மாட்டிய எங்கள் அறை லிஃப்டுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு முன் அங்கே உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்தார்கள். நான் அதே ஊர் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டிலும் சண்டை போட வரும்.

எங்கள் சர்வரில் இருந்ததில் பெரும்பகுதி ஓ.பி. பதிவும் பில்லும். அதோடு இன்னொரு ஃபோல்டரும் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பீனாவின் ஃபோல்டர். தொண்டையில் புற்றுநோய் முற்றி, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்ட நோயாளிகளை, ஆபரேஷனுக்கு முன்பு பீனா ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்வார். பயிற்சிக்கு உதவும் என்றுதான் ஆரம்பித்தார். போகப்போக வீட்டார் வந்து கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கு சிடியில் போட்டுக் கொடுப்பார். கேட்க மனம் வராதவர்கள், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்கள் எல்லோருடைய குரலும் சர்வரில் மட்டுமே இருந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு அந்தக் குரல் அந்த மனிதரிடமே கிடையாது.

இந்த ஃபோல்டரையும் டேப் பேக்கப்பில் சேர்க்க வேண்டும் என்று அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேட்டேன். டேப்பில் இடம் போதாது, பெரியது வாங்குவதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். மறுபடியும் கேட்டேன்.

"அது சிகில்ஸ ஒந்நும் அல்லல்லோ மேடம்" என்றார். சிகிச்சை இல்லையாம், அதனால் அவசரமும் இல்லையாம்.

சர்வருக்குள் ஐந்து டிஸ்குகள். ஐந்தும் சேர்ந்து ஒரே கிடங்கு மாதிரி வேலை செய்யும். அவற்றில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால், மற்ற நான்கும் கணக்குப் போட்டு அதில் இருந்ததைச் சொல்லிவிடும். இரண்டு படுத்துக்கொண்டால் யார் வந்தாலும் சொல்ல முடியாது. இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒருநாள் காலை முதல் டிஸ்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. சர்வர் விற்ற கம்பெனிக்கு போன் செய்தேன். அவர்கள் முருகேசனை அனுப்பினார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரன், பதற்றமில்லாதவன். அவனை சர்வர் அறையில் விட்டுவிட்டு, பதிவை நிறுத்தப்போகிறோம் என்று சொல்ல ஓ.பி. கவுன்டருக்குப் போனேன். அந்த நேரத்தில் அவன் கொச்சியில் இருந்த தன் சீனியருக்கு போன் செய்து, மூன்றாவது டிஸ்கும் எச்சரிக்கை காட்டுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறான். சீனியர் மலையாளி. தமிழும் மலையாளமும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

"என்ன ஓடுது முருகேசா?"

"மூணாவது டிஸ்க அழிக்கேன் மேடம். கொச்சி சார் சொன்னாரு."

கோட்டுக்குக் கீழே, இடையில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிதாக எச்சரித்திருந்தது. நான் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அறையில் அத்தனை விசிறிச் சத்தமும் நின்றது. அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட முதல் உத்தரவு அந்தத் திரையினுடையது.

முருகேசனின் முகம் வெளிறிப்போனது. உடனே கொச்சிக்கு போன் போட்டேன். டிஸ்கில் இருப்பதைத் துடைத்துவிடச் சொன்னீர்களா என்று மலையாளத்தில் கேட்டேன்.

"ஞான் அழிக்கான் பறஞ்ஞது ஸ்க்ரூவாணு மேடம்" என்றார்.

மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது. முடிச்சை அழிப்பார்கள், சட்டையை அழிப்பார்கள், ஸ்க்ரூவை அழிப்பார்கள். நம் தமிழில் அவிழ்ப்பது என்று வருமே, அதுதான். அவர் சொன்ன யோசனை சரியான யோசனை. சர்வரை நிறுத்து, சந்தேகம் தரும் டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வை, நான் வரும்வரை தொடாதே. அதை அவர் "டிஸ்க் அழிச்சு வெய்க்கு" என்று சொன்னார். இதில் என் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது இன்னொன்று. முருகேசன் கேட்காமல் செய்யவில்லை.

"ரெண்டு மட்டம் கேட்டேன் மேடம். அழிச்சிரவா சார்னேன், அழிச்சோ அழிச்சோன்னாரு. முழுசாவா சார்னேன். முழுவனும் அழிச்சோ, பகுதிக்கு நிர்த்தருதுன்னாரு."

ஸ்க்ரூவைப் பாதியில் விடாதே என்று சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். உங்கள் பயிற்சியில் சொல்வார்களே, கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள் என்று. இவன் திருப்பிச் சொன்னான், உறுதியும் கிடைத்தது. ஒரே சொல்லை இரண்டு பேரும் நூறு தடவை திருப்பிச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அன்றிலிருந்து நான் போனில் யாரிடமும் 'சரி, செய்கிறேன்' என்ற பதிலை வாங்கிக்கொண்டதில்லை. இப்போது உன் கையில் என்ன இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரா, கீபோர்டா என்று கேட்பேன். அதற்கு மலையாளமும் தமிழும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

இதற்குள் ஓ.பி.யில் கூட்டம் சேர்ந்து சத்தம் கிளம்பிவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டர் எங்கள் அறைக்கு வந்தார். அவர் அந்த அறைக்கு வருவது வருடத்தில் ஓரிரு முறை, அதுவும் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக. நடந்ததைச் சொன்னேன். பாதிதான் கேட்டார். புது டிஸ்க் போடு, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஆரம்பி, நேற்றைய டேப்பை இறக்கு, மதியத்துக்குள் கவுன்டர் ஓட வேண்டும் என்றார். பில் எல்லாம் டேப்பில் பத்திரமாக இருக்கிறது, பிறகென்ன என்றார். பிறகு முருகேசனைப் பார்த்தார்.

"ஏது பாண்டியாணு இது செய்தது?"

எங்கள் ஊரில் தமிழனைத் திட்ட அந்த ஒரு சொல் போதும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதுதான் பெயர். அதுவரை அட்மினிஸ்ட்ரேட்டரிடம் நான் மலையாளத்தில் மட்டுமே பேசியிருந்தேன். அன்றைக்குத் தமிழில் பதில் சொன்னேன்.

"இந்த ரூம்ல ரெண்டு பாண்டி இருக்கோம் சார். எந்தப் பாண்டியைக் கேக்கறீங்க?"

அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. அவன் இந்த நிமிடமே வெளியே போக வேண்டும் என்றார். அவன் போனால் நானும் போவேன் என்றேன். வீராப்புக்காகச் சொன்னதல்ல. தப்பு செய்தவனைத் துரத்திவிட்டால், என்ன நடந்தது என்ற விவரமும் அவனோடு வாசலைத் தாண்டிவிடும். எந்த டிஸ்கை எப்போது தொட்டான், எதற்குப் பிறகு எதை அழுத்தினான் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். அவன் எதையும் மறைக்கவும் இல்லை. அப்படிப்பட்டவனை அந்த நேரத்தில் யாராவது இழப்பார்களா? ஆனால் கோபமும் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

துடைத்துவிட்டு ஆரம்பிக்க முடியாது என்று அட்மினிஸ்ட்ரேட்டரிடம் சொன்னேன். ஸ்டோரேஜ் அடிபட்டால் முதல் வேலை, அதில் ஒரு எழுத்துகூட எழுதாமல் இருப்பது. எல்லோருக்கும் அப்போதுதான் கை பரபரக்கும். எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் துடிப்பார்கள். அடிபட்ட டிஸ்க் பாதித் தரவைத் தின்கிறது என்றால், மீதியைத் தின்பது அந்தத் துடிப்பு. ஓ.பி. ஓட வேண்டும் என்பது நியாயம். அதற்கு இந்த டிஸ்குகள் தேவையில்லை, வேறு கம்ப்யூட்டர் ஒன்று போதும். மருத்துவமனையில் அதற்குத் தாங்கும் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, புத்தம் புதியது. அட்மினிஸ்ட்ரேட்டர் அதில் சீட்டு விளையாடுவார்.

"என்டெ கம்ப்யூட்டரோ?" என்றார்.

"ஓ.பி. வேணுமா வேண்டாமா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அட்டெண்டரை அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், ஒயர்களைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை நானே தூக்கி வந்தேன். முறையான அனுமதி இல்லாமல் நிர்வாக உபகரணத்தை அப்புறப்படுத்தியதாகப் பிறகு மெமோ வந்தது. மெமோவின் மலையாளம் பிரமாதமாக இருந்தது. இன்றுவரை நான் அதற்குப் பதில் எழுதவில்லை. மதியத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டரில் டேப்பை இறக்கி, கவுன்டரை ஓடவிட்டோம்.

அதற்கு நடுவில் பீனா ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் செய்தி பரவிவிட்டது என்று தெரிந்தது.

"மேடம், பத்ரோஸ் வந்நிட்டுண்டு. பார்யயும் உண்டு."

பத்ரோஸ் விழிஞ்ஞம் துறையில் மீன் ஏலம் கூவுகிறவர். குரல்தான் அவருக்குத் தொழில். போன மாதம் ஆபரேஷன் முடிந்திருந்தது. வீட்டில் ஒரு சிடி பிளேயர் வாங்கிவிட்டதாகவும் அவருடைய குரலை வாங்க வருவதாகவும் மனைவி பிலோமினா சொல்லியிருந்தார். வந்து நின்றது அன்றைக்கு.

கம்ப்யூட்டர் ரிப்பேர், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடச் சொன்னார் அட்மினிஸ்ட்ரேட்டர். நான் வராந்தாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பத்ரோஸ் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"போயோ?"

"அறியில்ல. நாளெ ராவிலெ வரூ" என்றேன், மறுநாள் காலை வரச் சொல்லி. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. பொய் சொல்லியிருந்தால் இருந்திருக்கும். பத்ரோஸ் தலையசைத்தார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். அந்த ஆள் தன் குரலை எங்களை நம்பிக் கொடுத்துவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போயிருக்கிறார். நாங்கள் அதை டேப்பில் இடமில்லை என்று சொல்லி ஒரே இடத்தில் வைத்திருந்தோம்.

உள்ளே வந்து முருகேசனை எதிரில் உட்காரவைத்தேன். காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அதில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்த முதல் டிஸ்கை அவன் வெளியே எடுத்தபோது இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தொட்டதும் கையோட வந்துட்டு மேடம். மத்ததெல்லாம் கெட்டியா இருந்துச்சு."

அப்படியானால் அந்த டிஸ்க் சாகாமல் இருக்கலாம். இடத்தில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து, சர்வர் அதைச் செத்ததாக நினைத்திருக்கலாம். மூன்றாவது டிஸ்க் அழிந்தது அழிந்ததுதான். முதல் டிஸ்க் உயிரோடிருந்தால் நான்கு இருக்கிறது, நான்கு போதும். அது காலையில் விழுந்ததால் காலைக்குப் பிறகு எழுதியது எதுவும் அதில் இருக்காது. இல்லாவிட்டால் என்ன? எனக்கு வேண்டியது போன மாதத்துக் குரலும் போன வருடத்துக் குரலும்.

கொச்சி சீனியரிடம் சொன்னேன். அவரும் அப்போது ரயிலேறத் தயாராகிக்கொண்டிருந்தார். மனிதர் மிகவும் வருத்தத்தில் இருந்தார், அதனாலேயே அவசரப்பட்டார். அந்த டிஸ்கை உடனே உள்ளே தள்ளி சர்வரை ஏற்றுக்கொள்ளவையுங்கள், வேலை முடிந்துவிடும் என்றார். அதற்கும் மறுத்தேன். தளர்ந்து கிடந்த டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? சர்வர் அதை ஏற்றுக்கொண்டதும் சும்மா இருக்காது, தானாக எதையாவது சரிபார்க்கிறேன் என்று எழுத ஆரம்பிக்கும். முதலில் ஒவ்வொரு டிஸ்கையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். அதன் பிறகு என்ன விளையாட்டு விளையாடினாலும் நகலில் விளையாட வேண்டும்.

"சமயம் போவும் மேடம்" என்றார்.

"போகட்டும் சார். நேரத்தை நாளைக்கும் வாங்கிக்கலாம்."

கம்பெனிக் கிடங்கிலிருந்து மாற்று டிஸ்குகள் வந்தன. நகல் எடுக்கும் வேலையை முருகேசனிடமே கொடுத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, யாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று கண்டு, திரும்பிப் போனார். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அன்றைக்கு அந்த ஊரில் அவனைவிடக் கவனமான கை வேறு இருந்திருக்காது. எது மூலம், எது நகல் என்று டிஸ்கின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினான். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தும் முன் என்னைக் கூப்பிட்டு, எதிலிருந்து எதற்குப் போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினான். முதல் டிஸ்க் சில இடங்களில் திக்கியது, கரகரவென்று இரைந்தது, பிறகு நகர்ந்தது.

மறுநாள் காலை, வந்து சேர்ந்திருந்த சீனியரும் நாங்களும் நான்கு நகல்களையும் சர்வரில் பொருத்தினோம். மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டோம். முதல் டிஸ்கின் நகலை உயிருள்ளதாக ஏற்றுக்கொள் என்று சர்வருக்குச் சொன்னோம். படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்தோம். பீனாவின் ஃபோல்டர் வந்தது. சீனியர் நாற்காலியில் சாய்ந்து, முருகேசனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் அதற்கு முன் நேரில் பார்த்ததே இல்லை.

ஃபோல்டர் வந்துவிட்டது என்றால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பீனா உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டார். ஒரு குரல் திறக்கவே இல்லை. டிஸ்க் திக்கிய இடத்தில் அது இருந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு டீச்சருடையது. பொன்முடிப் பாதையில் வீடு. யாருக்கும் சொல்ல வேண்டாம், அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அட்மினிஸ்ட்ரேட்டர். நானும் பீனாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் டீச்சரிடமே சொன்னோம். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த வீட்டில் குடித்த டீயின் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் என்றிருந்த பெரிய டேப் அந்த மாதமே வந்தது, நான் அட்மினிஸ்ட்ரேட்டர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காததால் வந்தது.

இதெல்லாம் பிறகு. அன்று காலை பத்ரோஸும் பிலோமினாவும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பீனாவின் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். பத்ரோஸுக்கு வாசிக்கத் தெரியாது. பதிவுக்காக மற்றவர்கள் வாசிக்கும் பாடத்தை அன்றைக்கு அவரிடம் கொடுக்க முடியாததால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பீனா சொல்லியிருந்தார்.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு இருமல் வந்தது. அடுத்து ஏலம் தொடங்கியது. அந்தச் சின்ன அறைக்கு அது மிகப் பெரிய குரல். ஒரு கூடை நெய்மீனை யாருமே இல்லாத அறையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். இல்லாத ஆட்களைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்தார், ஒருவனை மீன் பார்க்கத் தெரியாதவன் என்றார், விலையை ஏற்றிக்கொண்டே போனார். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பத்ரோஸ் அசையாமல் உட்கார்ந்து, வேறொருவர் ஏலம் கூவுவதைத் தொழில் தெரிந்தவர் கேட்பது போலக் கேட்டார்.

விலை ஏறி ஏறி உச்சத்துக்குப் போன இடத்தில் குரல் சட்டென்று நின்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பீனா என் கையைப் பிடித்தார். பழுதில்லை, அன்றைக்கு அந்த இடத்தில் வார்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் பதிவு என்றார்.

பத்ரோஸ் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முருகேசனைப் பார்த்தார், சீனியரைப் பார்த்தார். பிறகு மேசைமேல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்து, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"லேலம் சேச்சிக்கு உறச்சு" என்றார் பிலோமினா. ஏலம் முடிந்தது, கூடை எனக்காம்.

நான் சைவ வீட்டில் பிறந்தவள், மீனைக் கையால் தொட்டதில்லை. எடுத்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.